விசா வேண்டாம்... விருந்தாளியாக வரலாம்! - பிலிப்பைன்ஸ் பாஸ்போர்ட் திறக்கும் கதவுகள்

சிங்கப்பூர்க்காரர் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், முன்கூட்டியே விசா வாங்காமல் 190-க்கும் மேற்பட்ட இடங்களில் போய் இறங்கலாம். பிலிப்பைன்ஸ்காரர் கிளம்பினால்? அறுபத்துச் சொச்சம். 'ஹென்லி பாஸ்போர்ட் இண்டெக்ஸ்' என்ற உலகத் தரவரிசையில் 2025-ல் இந்த இரண்டு பாஸ்போர்ட்டுகளுக்கும் இடையே இருந்த தூரம் இது. இந்திய பாஸ்போர்ட்டும் அதே வரிசையில் பிலிப்பைன்ஸுக்குச் சற்றுப் பின்னால்தான் நிற்கிறது. அதனால் இந்த ஏக்கம் நம்மூர்க்காரர்களுக்குப் புதிதல்ல.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பிலிப்பைன்ஸ்காரர்கள் ஊரைவிட்டு நகராதவர்கள் அல்ல. உலகத்தில் அவர்கள் கால் படாத இடமே குறைவு. துபாய் ஹோட்டலின் ரிசப்ஷனில், லண்டன் ஆஸ்பத்திரியின் நைட் டூட்டியில், நடுக்கடலில் போகும் சரக்குக் கப்பலில், ஹாங்காங் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் என்று எங்கும் அவர்கள் இருக்கிறார்கள். வெளிநாடுகளில் உழைப்பவர்கள் 2024-ல் வங்கிகள் வழியாக மட்டும் சொந்த நாட்டுக்கு அனுப்பிய பணம் 3,449 கோடி டாலர்!

அங்கெல்லாம் அவர்கள் போனது ஒப்பந்தத்தோடு, வேலை விசாவோடு. வேலை செய்ய வாருங்கள் என்று உலகம் அவர்களை வரவேற்கிறது. 'சும்மா சுற்றிப்பார்க்க வருகிறேன்' என்று சொன்னால்தான் ஏற இறங்கப் பார்க்கிறது. விசா இல்லாமல் போகக்கூடிய நாடுகளின் பட்டியல் பிலிப்பைன்ஸ் வீடுகளில் அத்தனை ஆசையோடு பகிரப்படுவதற்குக் காரணம் இதுதான். அந்தப் பட்டியலில் இருக்கும் நாடுகளுக்குள் அவர்கள் வேலையாளாக அல்லாமல், விருந்தாளியாக நுழையலாம்.

ஓர் அம்மா, ஒரு மகள், ஒரு பட்டியல்

மணிலாவை ஒட்டிய கவீட்டே மாகாணத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி வீடுகள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அம்மாவுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. 1999-ல் ஹாங்காங்குக்கு வீட்டுவேலைக்குப் போனவர், 2019-ல்தான் ஒரேயடியாகத் திரும்பினார். மகளுக்கு இப்போது 32 வயது. அம்மா விமானம் ஏறியபோது அவளுக்கு ஆறு. அவளை வளர்த்தது பாட்டி. தகாலோக் மொழியில் பாட்டியை 'லோலா' என்பார்கள், அம்மாவை 'நானாய்' என்பார்கள்.

அம்மாவின் பாசம் வருடத்துக்கொருமுறை அட்டைப்பெட்டியில் வரும். சோப்பு, சாக்லேட், டின் உணவு, துண்டு, ஷூ என்று இண்டு இடுக்கு விடாமல் அடைத்துக் கப்பலில் அனுப்பும் அந்தப் பெட்டிக்கு 'பாலிக்பாயன் பெட்டி' என்று பெயர். ஊர் திரும்புகிறவரின் பெட்டி என்று அர்த்தம். பெட்டி வந்துவிடும். அனுப்பியவர்தான் வரமாட்டார்.

மகள் இப்போது மணிலாவில் ஒரு கால் சென்டரில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறாள். கையில் கொஞ்சம் சேமிப்பு சேர்ந்ததும் அவளுக்கு வந்த முதல் ஆசை, அம்மாவை ஒரு வெளிநாட்டுக்கு அழைத்துப்போக வேண்டும் என்பதுதான்.

"நானாய், எந்த ஊருக்குப் போகலாம்? நீங்களே சொல்லுங்க."

"எனக்கென்ன தெரியும் அனாக்? விசாவுக்கு லைன்ல நிக்கிற ஊரு மட்டும் வேணாம். நின்னது போதும்."

'அனாக்' என்றால் பிள்ளை. அன்று ராத்திரி ஷிஃப்ட் இடைவேளையில் மகள் போனில் பட்டியலைத் திறந்தாள்.

பக்கத்து வீட்டுக் கதவுகள்

பட்டியலில் முதலில் வருவது அக்கம்பக்கம். 1967-ல் ஆசியான் அமைப்பு தொடங்கியபோதே அதில் இருந்த ஐந்து நாடுகளில் பிலிப்பைன்ஸும் ஒன்று. உறுப்பு நாடுகளின் மக்கள் ஒருவர் நாட்டுக்கு ஒருவர் விசா இல்லாமல் போய்வர வழிசெய்யும் ஒப்பந்தம் 2006 ஜூலையில் கோலாலம்பூரில் கையெழுத்தானது. குறைந்தது 14 நாள் தங்கவிட வேண்டும் என்பது அதன் அடிப்படை.

இன்று புருனே, மியான்மர் இரண்டும் 14 நாள் தருகின்றன. வியட்நாமும் கம்போடியாவும் 21 நாள். சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா, லாவோஸ் நாடுகளில் 30 நாள் வரை தங்கலாம். தாய்லாந்துக்கும் விசா தேவையில்லை. பிலிப்பைன்ஸின் நடுத்தரக் குடும்பத்துக்கு முதல் வெளிநாட்டுப் பயணம் என்றால் பெரும்பாலும் இந்த ஊர்களில் ஒன்றுதான். விமானக் கட்டணமும் கைக்கு அடக்கம்.

'விசா வேண்டாம்' என்றால் 'காகிதமே வேண்டாம்' என்று அர்த்தமில்லை. பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது ஆயுள் மிச்சமிருக்க வேண்டும். திரும்பிவரும் டிக்கெட் கையில் இருக்க வேண்டும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் கிளம்புவதற்கு மூன்று நாளுக்குள் ஆன்லைனில் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும். தாய்லாந்தும் 2025 மே 1 முதல் இதையே கேட்கிறது. மூன்றுக்கும் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் வந்தால் அது போலி என்று புரிந்துகொள்ளலாம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். தரவரிசைக்காரர்கள் சொல்லும் அறுபத்துச் சொச்சத்தில் மூன்று வகைக் கதவுகள் கலந்திருக்கின்றன. ஒன்று, விசாவே தேவைப்படாத நாடு. இரண்டாவது, இறங்கியதும் ஏர்போர்ட்டிலேயே விசா தரும் நாடு. நேபாளம் இப்படித்தான். மாலத்தீவு இதையே காசு வாங்காமல் தருகிறது. மூன்றாவது, ஆன்லைனில் முன் அனுமதி மட்டும் கேட்கும் நாடு. மூன்றும் ஒன்றல்ல. எண்ணிக்கையை மட்டும் பார்த்து டிக்கெட் போட்டவர்கள் ஏர்போர்ட் கவுன்டரில் முழிப்பது இதனால்தான்.

'நீ வா, நானும் வருகிறேன்!'

பட்டியலில் மகளின் கண் நின்ற அடுத்த இடம் தைவான். பிலிப்பைன்ஸின் வடகோடியில் இருக்கும் பட்டானெஸ் தீவுகளுக்கும் தைவானுக்கும் இடையே 200 கிலோமீட்டர்கூடக் கிடையாது. ஆனாலும் 2017 வரை அங்கே போக விசா வேண்டும். தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு உறவை வளர்க்க தைவான் புதுக் கொள்கை வகுத்தபோது, 2017 நவம்பர் 1 முதல் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு 14 நாள் விசா விலக்கு தந்தது. அதுவும் சோதனை முயற்சியாகத்தான். அதன்பிறகு தவணை தவணையாக நீட்டித்துக்கொண்டே வருகிறது.

பிலிப்பைன்ஸ் பதிலுக்கு உடனே கதவைத் திறந்துவிடவில்லை. தைவான்காரர்களுக்கு 14 நாள் விசா விலக்கை அது அறிவித்தது 2025 ஜூலை 1 முதல்தான். விருந்துக்கு அழைத்தவரைத் திருப்பி அழைக்க எட்டு வருடம் ஆகியிருக்கிறது!

இதே 2025-ல் இந்தியாவுக்கும் ஒரு நல்ல செய்தி வந்தது. ஜூன் 8 முதல் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சுற்றுலாவுக்காக 14 நாள் பிலிப்பைன்ஸில் விசா இல்லாமல் தங்கலாம். ஆறு மாத ஆயுளுள்ள பாஸ்போர்ட், தங்குமிட உறுதி, செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம், திரும்பும் டிக்கெட் ஆகியவை வேண்டும். அந்த 14 நாளை நீட்டிக்க முடியாது, வேறு விசாவாக மாற்றிக்கொள்ளவும் முடியாது. அமெரிக்கா, ஜப்பான் போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா வைத்திருந்தால் 30 நாள்.

அந்த வருடம் ஆகஸ்ட்டில் அதிபர் மார்கோஸ் டெல்லி வந்தபோது, பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு ஒரு வருடத்துக்குக் கட்டணமில்லா இ-டூரிஸ்ட் விசா என்று இந்தியா அறிவித்தது. விசா வேண்டும், ஆனால் காசு வேண்டாம். அக்டோபர் 1 முதல் டெல்லியிலிருந்து மணிலாவுக்கு நேரடி விமானமும் பறக்கத் தொடங்கியது. டவாவ் நகரத்தில் மருத்துவம் படிக்கப் பிள்ளையை அனுப்பிவிட்டு, ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வர ஏங்கும் தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு இந்த அறிவிப்பின் அருமை தெரியும்.

தூரத்துக் கதவுகள்

பட்டியலை இன்னும் கீழே தள்ளினால் ஆச்சர்யங்கள் வரும். பிரேசில், பெரு, கொலம்பியா, மொராக்கோ நாடுகளுக்கு விசா வேண்டாம். மங்கோலியா 21 நாள். பசிபிக் கடலில் ஃபிஜி நான்கு மாதம்! பக்கத்திலிருக்கும் ஜப்பானுக்கும் தென்கொரியாவுக்கும் ஃபைல் கட்டிக்கொண்டு அலைய வேண்டும். பூமியின் மறுபக்கத்தில் இருக்கும் பிரேசிலுக்கு பாஸ்போர்ட் போதும்.

இஸ்ரேலும் விசா வேண்டாத நாடுகளில் ஒன்று. அதன் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. நாஜிகளிடமிருந்து தப்பியோடிய யூதர்களுக்குப் பல நாடுகள் கதவை மூடிக்கொண்ட காலத்தில், பிலிப்பைன்ஸ் அதிபர் மானுவல் கேசோன் 1,200-க்கும் மேற்பட்டவர்களுக்கு மணிலாவில் இடம் கொடுத்தார். 1947-ல் ஐ.நா. சபையில் பாலஸ்தீனப் பிரிவினைத் திட்டம் வந்தபோது அதை ஆதரித்து வாக்களித்த ஒரே ஆசிய நாடு பிலிப்பைன்ஸ். கேசோன் கதவைத் திறந்ததை நினைவுகூரும் சின்னம் ஒன்று இஸ்ரேலின் ரிஷோன் லெட்சியோன் நகரத்தில் 2009-ல் திறக்கப்பட்டது. கதவு வடிவத்திலேயே அமைந்த சின்னம். விசா இல்லாவிட்டாலும் 2025 ஜனவரி முதல் ஆன்லைன் முன் அனுமதி கட்டாயம். போர்ச்சூழலில் எச்சரிக்கை அறிவிப்புகளையும் பார்த்துவிட்டுத்தான் யாரும் கிளம்ப முடியும்.

கரீபியன் கடலில் சில தீவுகளும் பட்டியலில் உண்டு. படத்தைப் பார்த்தால் நீலக் கடலும் வெள்ளை மணலும் கூப்பிடும். ஆனால் அங்கே போகும் விமானங்கள் பல அமெரிக்கா வழியாகப் போகின்றன. அமெரிக்க ஏர்போர்ட்டில் விமானம் மாறி ஏறுவதற்கே பிலிப்பைன்ஸ்காரருக்கு டிரான்ஸிட் விசா வேண்டும். வீட்டுக்காரர் வா என்கிறார், தெருக்கோடியில் இருப்பவர் வழிவிடமாட்டேன் என்கிறார்.

இதில் ஒரு பழைய காயமும் இருக்கிறது. 1898-க்குப் பிறகு பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் ஆட்சியில் இருந்தது. அப்போது பிலிப்பைன்ஸ் மக்கள் அமெரிக்கக் குடிமக்கள் அல்ல, ஆனால் வெளிநாட்டவரும் அல்ல. ஹவாய் கரும்புத் தோட்டங்களுக்கும் கலிஃபோர்னியா வயல்களுக்கும் அவர்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். உழைப்பு தேவைப்பட்ட வரை கதவு திறந்திருந்தது. 1934-ல் வந்த டைடிங்ஸ்-மக்டஃபி சட்டம் பிலிப்பைன்ஸுக்கு விடுதலை தருவதாகச் சொன்னது. அதே சட்டம், இனி வருடத்துக்கு 50 பேர் மட்டும் குடியேறலாம் என்றும் எழுதிவைத்தது. ஒரு கையெழுத்தில் சொந்த ஆட்சியின் கீழ் இருந்தவர்கள் வெளியாட்கள் ஆனார்கள். 1946 ஜூலை 4-ல் சுதந்திரம் கிடைத்தபிறகும் அந்தக் கணக்கு 50-லிருந்து 100 ஆனது, அவ்வளவுதான்.

சொந்த வீட்டு வாசலில் கேள்விகள்

எந்த நாடு 'வா' என்று சொன்னாலும், முதலில் மணிலா ஏர்போர்ட்டைத் தாண்ட வேண்டுமே! அங்கேதான் பலருக்கு வயிறு கலங்கும்.

விசா தேவைப்படாத நாட்டுக்குப் போகிறவர் பாஸ்போர்ட்டையும் திரும்பும் டிக்கெட்டையும் காட்டினால் போதும் என்பது பொது நடைமுறை. ஆனால் அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் இரண்டாவது விசாரணைக்கு அனுப்பலாம். என்ன வேலை, எவ்வளவு சம்பளம், செலவுக்குப் பணம் யார் தருகிறார்கள், போகிற இடத்தில் யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேள்விகள் நீளும். பதில் திருப்தி இல்லையென்றால் விமானம் ஏற விடமாட்டார்கள். இதற்கு அங்கே 'ஆஃப்லோடிங்' என்று பெயர். கல்யாணத்துக்கு வாங்கிய புடவை மாதிரி, மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பயணம் கவுன்டரிலேயே முடிந்துபோகும். டிக்கெட் காசும் பெரும்பாலும் திரும்பி வராது.

2022-ல் இப்படித் தடுக்கப்பட்டவர்கள் 32,404 பேர். அவர்களில் ஆள்கடத்தலுக்கோ சட்டவிரோத வேலைச் சேர்ப்புக்கோ ஆளானவர்கள் என்று கண்டறியப்பட்டவர்கள் 472 பேர். பொய்த் தகவல், போலி ஆவணம் என்று சிக்கியவர்கள் 873 பேர். மீதிப் பேர்?

அந்த வருடம் டிசம்பரில் இஸ்ரேலுக்குச் சுற்றுலா கிளம்பிய ஓர் இளம்பெண்ணிடம் கல்லூரி 'இயர்புக்' கேட்டிருக்கிறார்கள். பட்டம் வாங்கியவர்களின் போட்டோ புத்தகத்தை யாராவது வெளிநாட்டுப் பயணத்துக்கு எடுத்துப்போவார்களா? விசாரணை முடிவதற்குள் விமானம் போய்விட்டது. அவர் நடந்ததை வீடியோவில் சொன்னபோது நாடே கொதித்தது. இமிகிரேஷன் துறை மன்னிப்புக் கேட்டது. பிறகு 2023 செப்டம்பர் 3 முதல் இன்னும் கூடுதல் ஆவணங்கள் கேட்கும் புது விதிகள் வருவதாக அறிவித்தார்கள். செனட்டில் எதிர்ப்பு கிளம்பியதும் அமலுக்கு வரும் முன்பே அவற்றை நீதித்துறை நிறுத்திவைத்தது. தேசப் பாதுகாப்பு, பொதுப் பாதுகாப்பு, பொதுச் சுகாதாரம் ஆகிய காரணங்களுக்காகச் சட்டப்படி தவிர, பயணம் செய்யும் உரிமையைத் தடுக்கக் கூடாது என்று பிலிப்பைன்ஸின் 1987 அரசியல் சட்டம் சொல்கிறது.

அதேநேரம், அதிகாரிகள் காரணமே இல்லாமல் பயப்படுகிறார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. விசா இல்லாத வழிதான் ஆள்கடத்துகிறவர்களுக்கும் வசதி. 'தாய்லாந்தில் கஸ்டமர் சர்வீஸ் வேலை, நல்ல சம்பளம். டூரிஸ்ட்டாகவே வந்துவிடு' என்று சொல்லி அழைத்துப்போய், எல்லை ஆற்றைக் கடத்தி மியான்மரின் மியாவடிப் பகுதியில் சைபர் மோசடி முகாம்களில் அடைத்துவிடுகிறார்கள். 2025 மார்ச்சில் அங்கிருந்து 200-க்கும் மேற்பட்ட பிலிப்பைன்ஸ்காரர்கள் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். கிளம்பிய அன்று அவர்களில் பலரும் கவுன்டரில் சொல்லிவிட்டுப் போன வார்த்தை 'டூரிஸ்ட்'தான்.

ஆக, உண்மையிலேயே ஊர் சுற்றப் போகிறவரும், ஏமாந்து போகிறவரும் ஒரே வரிசையில், ஒரே பதிலோடு நிற்கிறார்கள். பிரித்துப் பார்க்கத் தெரியாத இடத்தில், ஏழை முகம் எல்லாமே சந்தேகத்துக்கு உரியதாகிவிடுகிறது. அந்த 472 பேரைக் காப்பாற்ற வேண்டியது அரசின் கடமை. அதற்காக 30,000-க்கும் மேற்பட்டவர்களை வாசலில் நிறுத்துவதுதான் வழியா என்பதே அங்கே இன்னும் தீராத விவாதம்.

14 நாள் கணக்கு

மகள் தைவானைக் காட்டினாள். சிங்கப்பூரைக் காட்டினாள். பாலித் தீவின் கடற்கரையைக் காட்டினாள். அம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஹாங்காங் போலாம் அனாக்."

"இருபது வருஷம் இருந்த ஊருதானே நானாய்? அலுக்கலையா?"

"இருந்தேன். பார்க்கலை."

ஹாங்காங்குக்கு பிலிப்பைன்ஸ்காரர்கள் விசா இல்லாமல் போகலாம். தங்க அனுமதி 14 நாள். இந்த எண்ணைக் கேட்டதும் அம்மாவின் முகம் ஒரு கணம் மாறியது. காரணம் இருக்கிறது.

ஹாங்காங்கில் வீட்டுவேலை செய்யும் வெளிநாட்டவர் மூன்று லட்சத்துக்கும் அதிகம். அவர்களில் பாதிக்கும் மேல் பிலிப்பைன்ஸ் பெண்கள். ஒப்பந்தம் நடுவில் முறிந்தால் இரண்டு வாரத்துக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்பது 1987-லிருந்து அங்கே இருக்கும் விதி. 2003-ல் சார்ஸ் காய்ச்சல் ஹாங்காங்கை உலுக்கியபோது அம்மா வேலை பார்த்த குடும்பம் வெளிநாட்டுக்குக் கிளம்பிவிட்டது. அவர் கையில் இருந்தது 14 நாள். அந்த 14 நாளில் அவர் தூங்கிய நேரம் குறைவு. கடைசியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து, மறுபடி ஏஜென்ஸி, மறுபடி கடன், மறுபடி ஒப்பந்தம் என்று திரும்பப் போனார். அப்படி விரட்டப்பட்டவர்களில் பலர் அக்கரையில் இருக்கும் மக்காவுக்குப் போய், அடுத்த வேலை விசா வரும்வரை காத்திருப்பார்கள். மக்காவுக்கும் விசா வேண்டாம், 30 நாள் இருக்கலாம். சூதாட்ட விடுதிகளின் விளக்குகளைப் பார்க்க உலகமே போகும் ஊர் அவர்களுக்கு ஒரு வெயிட்டிங் ரூம்.

மற்ற வெளிநாட்டவர் ஹாங்காங்கில் தொடர்ந்து ஏழு வருடம் இருந்தால் நிரந்தரமாக வாழும் உரிமை கேட்கலாம். வீட்டுவேலை செய்கிறவர்கள் கேட்க முடியாது. 2013 மார்ச்சில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்துவிட்டது. இருபது வருடம் ஒரு ஊரில் சமைத்து, துடைத்து, பிறர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போனவர், சட்டத்தின் கண்ணில் அந்த ஊரில் 'வசித்தவர்' அல்ல.

அதே ஊர் இப்போது அதே 14 நாளைத் தருகிறது. அப்போது 'போய்விடு' என்பதற்கான கெடு. இப்போது 'வந்து இரு' என்பதற்கான அனுமதி.

கிளம்பும் நாளில் அம்மாவுக்கு எல்லாமே புதிதாக இருந்தது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குப் பயண வரி கிடையாது. சுற்றுலாப் பயணி 1,620 பெசோ கட்ட வேண்டும். மகள் கட்டினாள். அரசு கேட்கும் 'இ-டிராவல்' பதிவை முந்தின நாளே போனில் முடித்திருந்தாள். அம்மா பழக்கதோஷத்தில் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான வரிசைப் பக்கம் நடந்தார். மகள் கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தாள்.

கவுன்டரில் பழைய பாஸ்போர்ட் விவரம், இருபது வருட ஹாங்காங் வேலை எல்லாம் பேச்சில் வந்தது. "மறுபடி வேலைக்கா?" என்று கேட்டார் அதிகாரி.

தகாலோக் மொழியில் மரியாதைக்காக வாக்கியத்தில் 'போ' என்று சேர்ப்பார்கள். நம் 'ங்க' மாதிரி. தமிழ்க் காதுக்கு மட்டும் அது விரட்டுவது போலக் கேட்கும்.

"இல்லைங்க போ. சுத்திப்பார்க்க. இவ என் மக. இவதான் கூட்டிட்டுப் போறா."

அதிகாரி மகளின் வேலை அடையாள அட்டையைப் பார்த்தார். ஹோட்டல் பதிவைப் பார்த்தார். திரும்பும் டிக்கெட்டைப் பார்த்தார். ஸ்டாம்ப் விழுந்தது. எல்லோருக்கும் இது இத்தனை சுலபமாக முடிவதில்லை. மகளுக்கு நிரந்தர வேலை இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் பத்துக் கேள்விகள் வந்திருக்கலாம்.

நான்கு நாள் அவர்கள் அங்கே இருந்தார்கள். ஸ்டார் ஃபெர்ரியில் கரையிலிருந்து கரைக்குப் போனார்கள். முன்பு அம்மா அதில் போனபோதெல்லாம் மடியில் யாருடைய குழந்தையாவது இருக்கும், கண் குழந்தை மேலேயே இருக்கும். விக்டோரியா பீக் மலைக்கு டிராமில் ஏறினார்கள். ஒரு ஹோட்டலில் டிம் சம் சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா எழுந்து தட்டுகளை அடுக்கப் போனார். "நானாய், உட்காருங்க" என்று மகள் சொல்ல வேண்டியிருந்தது.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. சென்ட்ரல் பகுதியில் அன்று சாலையோரம், மேம்பாலம், வங்கிக் கட்டடத்தின் அடித்தளம் எங்கும் அட்டைகளை விரித்து பிலிப்பைன்ஸ் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். வாரத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே விடுமுறை. முடி திருத்துவார்கள், பாடுவார்கள், ஊருக்கு வீடியோ கால் போடுவார்கள், பெட்டிக்குச் சாமான் அடுக்குவார்கள். அம்மா தன் பழைய தோழிகள் இருக்கும் இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்.

"எந்த வீட்ல வேலை?" என்று கேட்டாள் ஒருத்தி.

"வேலை இல்லடி. டூர்!" என்றார் அம்மா.

அட்டை மேல் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். ஒருத்தி மட்டும் மகளின் பக்கம் நகர்ந்து வந்து, எவ்வளவு செலவாச்சு, ஏர்போர்ட்டில் என்ன கேட்டார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்துக் குறித்துக்கொண்டாள். ஊரில் அவளுக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

தன் பாஸ்போர்ட்டில் ஹாங்காங் 'விசிட்டர்' என்று ஒரு முத்திரை விழும் என்று அம்மா எதிர்பார்த்திருந்தார். ஆனால் ஹாங்காங்கில் பயணிகளின் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் வழக்கம் 2013-லேயே நின்றுவிட்டது. அது தெரிந்ததும் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். வேலைக்குப் போன காலத்து விசாக்கள் பழைய பாஸ்போர்ட்டுகளில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. விருந்தாளியாகப் போனதற்கு ஒரு பக்கம்கூட இல்லை. அதனால் அந்த 1,620 பெசோ வரி கட்டிய ரசீதை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

பட்டியலில் அடுத்த வருடம் இரண்டு நாடு கூடலாம், ஒன்று குறையலாம். டிக்கெட் போடும் முன் போக விரும்பும் நாட்டின் தூதரக இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மகள் அதை இப்போதே பார்க்கத் தொடங்கிவிட்டாள். அடுத்த பயணத்துக்கு அம்மா கேட்டிருப்பது ஒன்றே ஒன்றுதான்: இதுவரை தான் வேலை பார்க்காத ஊராக இருக்க வேண்டும்.